மெட்ராஸ் வண்டிக்கு எதுக்கு ஹீட்டர்?

தண்டையார்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு கார் ஹீட்டரைப் பற்றி எழுதினால் சிரிப்பு வரத்தான் செய்யும். மார்கழி விடியற்காலையில்கூட இங்கே 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஊரே அதைப் பற்றிப் பேசும். ஆனாலும் என் வண்டியில் ஹீட்டர் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் வந்த மார்க் 2 அம்பாசடர். எங்கள் கைக்கு வருமுன் குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஓடிய வண்டி. டேஷ்போர்டுக்கு அடியில், முன்சீட்டில் பக்கத்தில் உட்காருபவரின் முழங்காலுக்கு நேரே, தகரப் பெட்டி ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்தியிருக்கிறார்கள். முன்னால் திறந்து மூடுகிற இரண்டு சின்னக் கதவுகள், மேலே கண்ணாடிக்குக் காற்றுக் கொண்டுபோக இரண்டு குழாய்கள், உள்ளே ஒரு ஃபேன். அவ்வளவுதான்.

தங்கையைக் கோத்தகிரியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பொங்கல் கழிந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போவது வழக்கம். மலை ஏறி முடித்ததும் ஹீட்டரைப் போட்டால் வருவது சூடும் இல்லை, குளிரும் இல்லை. பக்கத்தில் நின்று யாரோ ஊதுகிற மாதிரி ஒரு காற்று. "ஹீட்டர்னு சொல்லி ஃபேனைப் போட்டு உட்டியாடா?" என்று அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். மச்சானோ, "அம்பாசடர் ஹீட்டர்னா அவ்ளோதான் மாமா" என்று முடித்துவிட்டார். அந்த 'அவ்ளோதான்' எனக்கு ஒப்பவில்லை. பெட்ரோல் எரிந்து வரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்ஜினைச் சுற்றும் தண்ணீருக்குத்தான் போகிறது. 1,489 சிசி என்ஜின் மலையேறும்போது வெப்பத்துக்குப் பஞ்சமே கிடையாது. இருக்கிற சூடு நம் காலுக்கு வந்து சேரவில்லை என்றால் வழியில் எங்கேயோ கோளாறு.

ஹீட்டருக்குள் மின்சாரக் கம்பிச்சுருள் எதுவும் இல்லை. அது ஒரு குட்டி ரேடியேட்டர். என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு வால்வு வழியாகச் சுடுதண்ணீர் மெல்லிய ஹோஸில் வந்து, அந்தக் குட்டி ரேடியேட்டருக்குள் சுற்றி, இன்னொரு ஹோஸில் என்ஜினுக்கே திரும்பிப் போகும். ஃபேன் அதன்மேல் காற்றை அடிக்கும். ஆகவே கேட்க வேண்டியது மூன்று கேள்விதான்: தண்ணீர் சூடாகிறதா? அந்தச் சூட்டுத் தண்ணீர் ஹீட்டருக்குள் ஓடுகிறதா? ஓடினால் காற்று அதைத் தொட்டுவிட்டு வெளியே வருகிறதா? இந்த வரிசையை மாற்றி, எடுத்தவுடன் பெட்டியைக் கழற்றுகிறவர்கள் நிறையப் பேர். பெட்டியைக் கழற்றுவது எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை. அது கடைசியில் வர வேண்டும்.

முதல் சோதனைக்குக் கையே போதும். நன்றாக ஓட்டி வந்து, பானெட்டைத் திறந்து, ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் வரும் ஹோஸையும் துணி சுற்றிய விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஃபேன் பெல்ட் பக்கம் சட்டைக் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுமே சுட்டால் தண்ணீர் சரியாக ஓடுகிறது, கோளாறு காற்றுப் பக்கம். போகிறது சுட்டு, வருகிறது வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே அடைப்பு. என்ஜின் கொதிக்கிற சூட்டில் இருந்தும் இரண்டுமே ஜில்லென்று இருந்தால் வால்வு மூடியிருக்கும், அல்லது உள்ளே காற்று அடைத்துக்கொண்ட ஏர் லாக், அல்லது தண்ணீரே குறைவு. இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் என்ஜினே சூடாகவில்லை என்று அர்த்தம்.

எனக்கு வந்தது இந்தக் கடைசி வகை. அதுவும் சென்னைக்குள் ஓட்டியவரைக்கும் தெரியவே இல்லை. 35 டிகிரி வெயிலில், திருவொற்றியூர் நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து வந்தால் எந்த என்ஜினும் சூடாகிவிடும். டெம்பரேச்சர் முள் நல்ல பிள்ளையாக நடுவில் நிற்கும். விடியற்காலை மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஏறி, நிற்காமல் 60, 70-ல் விட்டபோதுதான் முள் மெல்ல 'சி' பக்கம் சாய்ந்து அங்கேயே படுத்துக்கொண்டது. எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கக் குளிர்விக்க, என்ஜின் சூட்டைத் தக்கவைக்க முடியாமல் திணறுகிறது. மலையில் நடந்ததும் இதுதான். ஹீட்டரைச் சோதிக்க நம் ஊரில் வேறு நேரம் கிடையாது: மார்கழி, விடியற்காலை, காலிச் சாலை.

என்ஜின் சூட்டைக் காப்பது தெர்மோஸ்டாட். அதைப் பற்றி மெக்கானிக் பாயிடம் கேட்டேன்.

"தெர்மாஸ்டாட்டா? அத்த எப்பவோ கயட்டிப் போட்டாச்சு சார். மெட்ராஸ் வெயிலுக்கு அது இன்னாத்துக்கு?"

"வண்டி மலைக்கும் போவுதே பாய்."

"அப்ப போறப்போ சொல்லு சார், மாட்டித் தர்றேன். வந்ததும் கயட்டிடலாம்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். வடசென்னையில் பழைய வண்டி பார்க்கிற கை எதுவும் இதையேதான் செய்யும், அதற்குக் காரணமும் உண்டு. தெர்மோஸ்டாட் என்பது ஹெட்டின் முன்பக்கம், மேல் ஹோஸ் சேருகிற மூடிக்கு அடியில் உட்காரும் ஒரு வால்வு. தண்ணீர் சூடாகிறவரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைக்கும். குறிப்பிட்ட சூட்டில் உள்ளே இருக்கும் மெழுகு விரிந்து வழி திறக்கும். நம் தண்ணீரில் இருக்கும் உப்பும் துருவும் அதில் படிந்து, மூடிய நிலையிலேயே இறுகிவிட்டால் என்ஜின் கொதித்து, ஹெட்டுக்கும் அதன் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கட் போய்விடும். நட்ட நடு ரோட்டில் அப்படி நின்ற வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள், இந்தச் சனியனே வேண்டாம் என்று முடிவெடுத்ததில் வியப்பில்லை.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. ரேடியேட்டர் நன்றாக இருக்கும் வண்டியில் வெயில் நேரத்தில் தெர்மோஸ்டாட் முழுக்கத் திறந்துதான் கிடக்கும். அதை எடுத்துவிடுவதால் பெரிதாக எந்தக் குளிர்ச்சியும் கூடிவிடாது. எடுத்ததும் சூடு குறைந்தது என்றால், ரேடியேட்டர் அடைத்திருப்பதையோ வாட்டர் பம்பு தேய்ந்திருப்பதையோ மூடி மறைத்திருக்கிறோம், அவ்வளவுதான். எடுத்தால் வரும் நஷ்டமோ ஹீட்டரோடு நிற்பதில்லை. சூடாகாத என்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, மைலேஜ் குறையும். எண்ணெயில் சேரும் நீராவி வெளியேறாமல் தங்கி, ஆயில் ஊற்றுகிற மூடியின் உள்பக்கம் வெண்ணெய் நிறத்தில் ஒரு கொழகொழப்பு படியும். என் வண்டியின் மூடியை விரலால் வழித்தால் அது கையோடு வந்தது. ஹீட்டருக்கோ இரட்டை அடி: தண்ணீர் சூடும் இல்லை, அகலமான ரேடியேட்டர் வழி எந்நேரமும் திறந்து கிடப்பதால் மெல்லிய ஹீட்டர் ஹோஸ் பக்கம் அது எட்டிப் பார்ப்பதும் இல்லை.

இந்த வகை பி-சீரிஸ் என்ஜினுக்கு 74, 82, 88 டிகிரி என்று மூன்று அளவில் தெர்மோஸ்டாட் வரும். எண்ணை அதன்மேலேயே குத்தியிருப்பார்கள். 74 வெயில் ஊருக்கு, 88 பனி ஊருக்கு. நான் எடுத்தது 82. முழுக்கவே சென்னைக்குள் ஓடும் வண்டி என்றால் 74 போதும், மலைக்கும் போவதாக இருந்தால் 82-ஐத் தயங்காமல் போடலாம் என்பது என் கட்சி. பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் எடுத்தாலும் புது டப்பாவில் வந்தாலும், போடுமுன் சோதித்துவிட வேண்டும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டர் ஒன்றையும் விட்டு அடுப்பை மூட்டுங்கள். இரண்டுமே அடியைத் தொடக் கூடாது. குத்தியிருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் வாய் பிளக்கத் தொடங்கி, அதற்கு மேல் பத்து டிகிரி சுமாருக்குள் முழுக்கத் திறக்க வேண்டும். ஆறினால் மூட வேண்டும். வீட்டில் பால் பாத்திரத்தை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். மாட்டும்போது மெழுகு இருக்கும் பக்கம் என்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும். விளிம்பில் ஊசி மாதிரி ஒன்று ஆடும் சின்னத் துளை இருந்தால் அது மேல்பக்கம் வரட்டும். சிக்கிய காற்று வெளியேறும் வழி அது.

மாட்டியதும் முள் நடுவில் நின்றது. ஹீட்டர் ஓரளவு தேறியது. ஆனால் இப்போது போகும் ஹோஸ் தொட முடியாத சூடு, வரும் ஹோஸ் சும்மா வெதுவெதுப்பு. அதாவது இரண்டாவது கோளாறு இத்தனை நாளும் முதல் கோளாறின் பின்னால் ஒளிந்திருந்தது. உள்ளே அடைப்பு.

எங்கள் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்தது 1960களின் இறுதியிலிருந்தே ஆய்வாளர்கள் அளந்து பதிவு செய்துவரும் சங்கதி. அதற்குப் பக்கத்துக் காட்டுப்பள்ளியில்தான், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் அளவில் 2010-ல் வந்தது. கடலோரத் தெருக்களில் பல வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளையாகப் பூக்கும். ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் நாம் தேடுவது பக்கத்தில் இருக்கும் குடத்தைத்தான். அந்தத் தண்ணீரின் சுண்ணாம்பு சூட்டில் பிரிந்து படிகிறது. குளோரைடு வார்ப்பிரும்பு பிளாக்கையும் பித்தளை இணைப்புகளின் ஈயப்பற்றையும் அரிக்கிறது. துரு, சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து எங்கே தண்ணீர் மெதுவாக ஓடுகிறதோ அங்கே போய்த் தங்கும். வண்டியிலேயே மிக மெதுவாக ஓடும் இடம் ஹீட்டர். சென்னைக்காரர்கள் வால்வையும் வருஷக்கணக்கில் மூடி வைத்துவிடுவதால் அங்கே ஓட்டமே கிடையாது.

சுத்தம் செய்ய ஹீட்டரைக் கழற்ற வேண்டியதில்லை. இரண்டு ஹோஸ்களையும் என்ஜின் பக்கத்தில் கழற்றி, தண்ணீர் வழக்கமாக வெளியே வரும் ஹோஸில் தோட்டத்து ரப்பர் குழாயைச் சேர்த்து, எதிர்த்திசையில் விட வேண்டும். டேப்பை மெல்லத்தான் திறக்க வேண்டும். ஐம்பது வயதுப் பித்தளைக் குழாய் மாடித் தொட்டி அழுத்தத்தைத் தாங்கும் என்று நம்ப முடியாது. எனக்கு முதலில் கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லை. பிறகு ஒரு முக்கல், காப்பி நிறத் தண்ணீர், அதன் பின்னால் செம்மண் சேறு, அதோடு வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள். ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினேன். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் துரு நிறம், நொறுங்கி மாவானது. தண்ணீர் தெளிந்த பிறகும் ஓட்டம் மெலிந்தே இருந்ததால், சிட்ரிக் ஆசிட்டை வெந்நீரில் லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் கரைத்து உள்ளே நிரப்பி ஊறவிட்டேன். நுரைத்துக்கொண்டு வரும், பயப்பட வேண்டாம். பிறகு நல்ல தண்ணீர், அதன் பிறகு கொஞ்சம் சமையல் சோடா கரைத்த தண்ணீர், மறுபடி நல்ல தண்ணீர். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது அழுக்கோடு சேர்த்து ஈயப்பற்றையும் தின்றுவிடும். ஒழுகும் ஹீட்டர் என்றால் மட்டும் ரேடியேட்டர் கடைக்குப் போங்கள். மேல்தட்டைப் பிரித்து, குழாய்களில் கம்பி விட்டு, திரும்பப் பற்றவைத்துத் தருவார்கள். பித்தளை ஹீட்டரைத் தூக்கி எறிய வேண்டிய நிலை லேசில் வராது.

ஹீட்டரை மட்டும் கழுவிவிட்டு பிளாக்கை விட்டுவிட்டால் சேறு மறுபடி அங்கேயேதான் வரும். பிளாக்கின் பின்பக்கம் ஒரு வடிகால் டேப் இருக்கிறது. திறந்தால் ஒரு சொட்டு வராது. தண்ணீர் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், டேப்புக்குப் பின்னால் சேறு இறுகியிருக்கிறது. டேப்பையே கழற்றிவிட்டு, கம்பியை விட்டுக் குத்தினால் கட்டிகட்டியாக வரும். நாலாவது சிலிண்டரைச் சுற்றி இவ்வளவு காலம் தண்ணீருக்குப் பதில் இதுதான் இருந்தது என்று பார்க்கும்போது வயிற்றைக் கலக்கும்.

நிரப்புவதற்கு டிஸ்டில்டு வாட்டர், அதோடு செம்பு–பித்தளை ரேடியேட்டருக்கு ஏற்ற பழைய பச்சை வகைக் கூலண்ட். நமக்கு உறைபனிக் கவலை இல்லை. மூன்றில் ஒரு பங்கு கூலண்ட் போதும், துருவைத் தடுப்பதுதான் அதன் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். வீட்டு ஏ.சி.யில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறவர்களும் உண்டு. போர் தண்ணீருக்கு அது எவ்வளவோ மேல், ஆனால் கூலண்ட் கலக்காமல் ஊற்றினால் அதுவும் துருதான். ஒரு எச்சரிக்கை: கூலண்ட் இனிக்கும், விஷம். வடித்ததைத் தெருவில் கொட்டினால் நாய் நக்கிச் சாகும். மூடி போட்ட கேனில் வையுங்கள்.

நிரப்பி முடித்து ஸ்டார்ட் செய்தால் ஹீட்டர் மறுபடி ஜில். இது எதிர்பார்த்ததுதான், காற்று அடைத்திருக்கிறது. வண்டியின் மூக்கு மேலே இருந்தால் காற்று ரேடியேட்டர் வாய்க்கு வந்து வெளியேறும். மலை ஊர்க்காரர் சரிவில் நிறுத்தினால் தீர்ந்தது. சமதரையான வடசென்னையில் மேட்டுக்கு எங்கே போவது? முன்சக்கரங்களுக்குப் பலகை வைத்து ஏற்றி, பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, கைப்பிரேக் போட்டுக்கொண்டேன். ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டர் வால்வையும் முழுக்கத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்து, ஹோஸ்களைக் கையால் பிசைந்துகொண்டே இருந்தால் ரேடியேட்டர் வாயில் குமிழி குமிழியாக வரும். குமிழி நின்று, வரும் ஹோஸும் சூடேறியதும் மூடலாம். காற்றெல்லாம் போன பிறகும் குமிழி நிற்கவே இல்லை என்றால் அது ஹீட்டர் விஷயமே அல்ல. ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும்.

கடைசியாகக் காற்றுப் பக்கம். ஊதுபத்தியைக் கொளுத்தி, ஃபேனை ஓடவிட்டு, பெட்டியின் ஓரங்களில் காட்டினேன். முன் கதவுகளில் வெளியே தள்ள வேண்டிய காற்று, பெட்டிக்கும் குட்டி ரேடியேட்டருக்கும் நடுவே இருந்த சந்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் இருந்த ஸ்பாஞ்சு பொடியாய் உதிர்ந்துபோயிருந்தது. புதுப் பட்டை வெட்டி ஒட்டியது அரைமணி வேலை. குட்டி ரேடியேட்டரின் இதழ்களுக்கு நடுவே திரித்திரியாகத் தூசி, பஞ்சு. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தாகிவிட்டது. ஃபேன் மோட்டாரின் ஒயரை யாராவது மாற்றி இணைத்திருந்தால் சில வகை மோட்டார்கள் தலைகீழாகச் சுற்றும். புகை போகும் திசையே அதையும் சொல்லிவிடும்.

இப்போது கோத்தகிரியில் அம்மா ஹீட்டர் கதவில் ஒன்றை மூடச் சொல்கிறார். அது இருக்கட்டும். இந்த ஹீட்டர் எனக்கு அதிகம் உழைப்பது இங்கேதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜன்னலை ஏற்றிவிட்டு நாலு பேர் உட்கார்ந்தால் ஏ.சி. இல்லாத வண்டியில் கண்ணாடி முழுக்க ஆவி. ஹீட்டரைப் போட்டால் மேல் குழாய் வழியாகப் போகும் சூடு கொஞ்ச நேரத்தில் அதைத் துடைத்துவிடும். சித்திரை வெயிலில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசையில் எண்ணூர் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டு முள் 'ஹெச்' பக்கம் ஏறினாலும் இதுதான் கை கொடுக்கும். ஜன்னல்களை இறக்கி, ஹீட்டரை முழுவேகத்தில் போட்டால் என்ஜினுக்கு இன்னொரு ரேடியேட்டர் சேர்ந்த கணக்கு, முள் இறங்கும். வேர்த்து ஊற்றும், பக்கத்து ஆட்டோக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. முள் ஏறிக்கொண்டே இருக்கும்போது ஹீட்டர் காற்று திடீரென்று ஜில்லென்று மாறினால் மட்டும் ஒரு நொடி தாமதிக்கக் கூடாது. ஹீட்டருக்கு வரும் அளவுக்குத் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். ஓரம்கட்டி என்ஜினை அணைத்துவிட வேண்டும். மூடியில் கை வைக்காமல் ஆறவிட வேண்டும். 7 பவுண்டு அழுத்த மூடி போட்ட வண்டியில் உள்ளே தண்ணீர் 100-க்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். திறந்த அந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். ஊட்டி உயரத்திலோ திறந்த தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

ஒரு குறை இன்னும் பாக்கி. ஹெட்டின் பின்னால் இருக்கும் வால்வு, திறந்து மூடும் தண்டின் ஓரத்தில் லேசாகக் கசிகிறது. கழற்றிப் பார்த்தால் உள்ளே இருக்கும் ரப்பர் கட்டைபோல் இறுகியிருக்கிறது. புதுப்பேட்டையில் அதே அளவு கிடைக்கவில்லை. இப்போதைக்கு ஹோஸின் நடுவே மாட்டுகிற தனி வால்வு ஒன்றைப் போட்டு, பழையதைத் திறந்த நிலையிலேயே விட்டிருக்கிறேன். மாதம் ஒருமுறை அதைத் திருகிப் பார்க்கிறேன், இறுகிவிடக் கூடாதே என்று. பாய் வேறொரு பழைய மார்க் 2-விலிருந்து கழற்றி எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த வண்டிக்காரருக்கு ஹீட்டர் எதுக்கு என்பது அவர் வாதம்.